கால் யார் கணக்கில்?

போன மாதம் இந்தப் பகுதியில், வேறு ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே, என் அப்பாவின் ஊன்றுகோலைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாமே விபத்துக்குப் பிறகு வாங்கவேண்டிய சாமான்களைப் பற்றியவை. சக்கர நாற்காலி, செயற்கைக் கால், எலும்புக்குள் வைக்கும் இரும்பு, மூச்சு மெஷின். அதனால் இந்த மாதம் வேறு கேள்வி எதுவும் எடுக்கவில்லை. நிலப்பட்டா மாற்றுவது பற்றிக் கேட்ட ஐயா மன்னிக்க வேண்டும், உங்களுக்கு அடுத்த மாதம்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒன்று. நான் வக்கீல் இல்லை. சுங்கை சிப்புட்டில் பிறந்து, ஈப்போவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் 31 ஆண்டு விபத்து வழக்குக் கட்டுகளைப் பார்த்துக்கொண்ட கிராணி, அதாவது குமாஸ்தா. எந்தக் காகிதம் பணமாகும், எது குப்பைக்கூடைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவுதான்.

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. செமோரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலை ஷிஃப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது, சந்திப்பில் திரும்பிய ஒரு கார் மோதி வலது கால் நொறுங்கிவிட்டது. முதலில் இரும்பு வைத்தார்கள். பிறகு கிருமி ஏறி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இரும்பு, சக்கர நாற்காலி, ஊன்றுகோல் எல்லாம் எங்கள் கைக்காசு. கார்க்காரர் "என்னுடையது ஃபர்ஸ்ட் பார்ட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் பார்த்துக்கொள்ளும்" என்றார். நான்கு மாதம் ஆகிவிட்டது. இன்சூரன்ஸுக்குப் போன் போட்டால், சாமானுக்கெல்லாம் கொடுப்பதில்லை என்கிறார்கள். இதற்கு நடுவே வார்டில் யாரோ ஒருவர் வந்து தம்பியிடம் கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார். செயற்கைக் காலுக்கு யார் பணம் கட்டுவது அக்கா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, அந்தக் கார் ஃபர்ஸ்ட் பார்ட்டியா தேர்ட் பார்ட்டியா என்பதை முதலில் மறந்துவிடுங்கள். ஃபர்ஸ்ட் பார்ட்டி என்பது அவர் கார் நசுங்கினால் அவரே சரிசெய்துகொள்வதற்கு. உங்கள் தம்பிக்கு அதில் ஒன்றும் இல்லை. அவருக்கு வேண்டியது தேர்ட் பார்ட்டி, அதாவது இடிபட்ட வெளி ஆளுக்கானது. அது எல்லா வண்டிக்கும் உண்டு. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி அது இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்கவே கூடாது. அடிபட்டவரின் உடல் காயத்துக்கு அதில் உச்சவரம்பு கிடையாது. பொருள் சேதத்துக்குத்தான் வரம்பு, வழக்கமாக 30 லட்சம் வெள்ளி (மலேசிய ரிங்கிட்).

ஆனால் ஒன்று. இந்த இன்சூரன்ஸ் மருத்துவ அட்டை மாதிரி இல்லை. கவுண்டரில் நீட்டினால் பணம் கட்டாது. கார்க்காரர் சட்டப்படி உங்கள் தம்பிக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறாரோ, அதை அவருக்குப் பதிலாகக் கொடுப்பதுதான் அதன் வேலை. கடன் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், தப்பு யாருடையது, யார் பங்கு எத்தனை விழுக்காடு, காயத்துக்கு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பேசி முடிக்க வேண்டும், இல்லையென்றால் செஷன்ஸ் நீதிமன்றம் சொல்ல வேண்டும். நான் கட்டிவைத்த கட்டுகளில் இரண்டு ஆண்டுக்குள் முடிந்தவை குறைவு. "சாமானுக்குக் கொடுப்பதில்லை" என்று போனில் சொன்னது இந்த அளவுக்கு உண்மை: இன்றைக்குக் கடையில் கட்டுவதற்குக் கொடுக்க மாட்டார்கள். கடைசியில் இரும்பும் நாற்காலியும் காலும் எல்லாமே கணக்கில் ஏறும். இதைப் போனில் எடுக்கும் பிள்ளைகள் சொல்வதில்லை. கேட்டது வேறு, சொன்னது வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அதுவரை தம்பி எதை ஊன்றி நிற்பது? நீங்கள் கடிதத்தில் எழுதாத ஒரு சொல் இருக்கிறது, சொக்சோ, தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனம். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து, வேலையில் நடந்த விபத்து மாதிரியேதான். முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவித்திருக்க வேண்டும். நான்கு மாதமாக அவர்கள் வாய் திறக்கவில்லை என்றால், நீங்களே ஈப்போ சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள். போலீஸ் ரிப்போர்ட், எல்லா எம்.சி.யும் (மருத்துவ விடுப்புச் சான்று), அன்றைக்கும் அதற்கு முந்தைய நாள்களுக்குமான பஞ்ச் கார்டு, வீட்டிலிருந்து தொழிற்சாலைக்குப் போகும் வழியைக் கையால் வரைந்த படம், இவை போதும் ஆரம்பிக்க. தம்பி அன்று நேர்வழியில்தான் போனாரா என்று துருவிக் கேட்பார்கள். கூட்டாளியைப் பார்க்க வேறு தாமானுக்குள் (குடியிருப்புக்குள்) நுழைந்து வந்திருந்தால் பிரச்சினை வரும், அதையும் உண்மையாகவே சொல்லுங்கள்.

சொக்சோ ஒத்துக்கொண்டால், எம்.சி.யில் இருக்கும் நாள்களுக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு வரும். கால் போனதற்கு நிரந்தர உடற்குறை உதவித்தொகை தனியாக. உங்கள் கேள்விக்கு வேண்டிய விஷயம் இனிமேல்தான்: செயற்கைக் கால், நாற்காலி, ஊன்றுகோல் இதெல்லாம் சொக்சோவின் மறுவாழ்வுப் பகுதியில் வரும், தம்பி காசு கட்ட வேண்டாம். மலாக்காவில் 2014 முதல் சொக்சோவின் மறுவாழ்வு மையம் நடக்கிறது. அங்கேயே தங்கி, காலைப் பொருத்தி, நடக்கப் பழகிவிட்டு வரலாம். "அவ்வளவு தூரமா" என்று அம்மாமார்கள் இழுப்பார்கள். அனுப்புங்கள். காலைக் கட்டிக்கொடுப்பது பாதி வேலைதான், அதில் நடக்கக் கற்றுக்கொடுப்பது மீதி.

சொக்சோ வாங்கினால் கார்க்காரர் மீது வழக்குப் போட முடியாது என்று யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். கார்க்காரர் தம்பியின் முதலாளி இல்லை, வெளி ஆள். இரண்டும் இரண்டு தண்டவாளம். சொக்சோ இலவசமாகக் கொடுத்த காலை, நாங்கள் காசு கொடுத்து வாங்கினோம் என்று வழக்கில் எழுதக் கூடாது, அது மட்டும்தான்.

இப்போது ஏற்கெனவே கட்டியதைப் பார்ப்போம். இதை "சிறப்பு இழப்பீடு" என்பார்கள். பெயர்தான் சிறப்பு. விதி ஒன்றே ஒன்று: ஒவ்வொரு காசுக்கும் காகிதம். நீங்கள் இரும்பு வாங்கியது எப்படி என்று எனக்குத் தெரியும், நூறு வீட்டில் கேட்டிருக்கிறேன். அறுவைக்கு முந்தின நாள் சப்ளையர் ஆள் வார்டுக்கு வருவார், பணம் கேட்பார், உங்கள் கையில் இருக்காது, பக்கத்து வீட்டு மாமா ஓடிப்போய்க் கட்டுவார். ரசீது மாமா பேரில் இருக்கும். இரண்டு ஆண்டு கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார், இந்தப் பெயருடைய ஆளுக்கும் இந்தக் காலுக்கும் என்ன சம்பந்தம்? இப்போதே அந்தச் சப்ளையரிடம் போய், நோயாளி பேரும் மருத்துவமனைப் பதிவு எண்ணும் போட்டு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடை இன்னும் திறந்திருக்கும்போதே.

அப்புறம், மருந்துக்கடையில் ஊன்றுகோலும் கட்டுத் துணியும் வாங்கிய சின்ன ரசீதுகள். அந்த வழவழப்பான காகிதத்தில் இருப்பது மை இல்லை, சூடு பட்டுக் கறுத்த எழுத்து. ஓர் ஆண்டில் மங்கும், பிறகு வெள்ளைத்தாள். கம்பத்து (கிராமத்து) அக்கா ஒருவர் மைலோ டின் நிறைய ரசீது சேர்த்து, ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்து என் மேசையில் கவிழ்த்தார். பாதிக்கு மேல் வெறும் காகிதம். டின்னை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அவர் அழவில்லை, எனக்குத்தான் என்னவோ செய்தது. வாங்கிய அன்றே நகல் எடுங்கள். கைப்பேசியில் ஒரு படமும் பிடித்துவையுங்கள். நகலின் ஓரத்தில் "இன்ன சாமான், இன்ன டாக்டர் சொன்னது" என்று எழுதுங்கள். சக்கர நாற்காலிக்கு ரசீது இருந்தாலும், அது தேவை என்று டாக்டர் எழுதியிருக்கிறாரா என்பதும் பார்க்கப்படும். அரசு மருத்துவமனையில் கிடைக்கும் பொருளைத் தனியாரிடம் வாங்கியிருந்தால், ஏன் என்று கேட்பார்கள். காத்திருக்கும் வரிசை நீளம் என்றால், அதையே டாக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

இனி, பெரிய பணம் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். இதுவரை கட்டியதில் இல்லை, இனிமேல் கட்டப்போவதில். செயற்கைக் கால் வெள்ளிக் குத்துவிளக்கு இல்லை, ஒரு முறை வாங்கிப் பூஜை அறையில் வைக்க. முதல் ஆண்டிலேயே வெட்டியது போக மிஞ்சிய கால் வற்றி இளைக்கும், அது நுழையும் சாக்கெட் தொளதொளக்கும், இரண்டு மூன்று காலுறை போட்டுச் சமாளிப்பார், பிறகு சாக்கெட்டையே மாற்ற வேண்டும். உள்ளே போடும் சிலிக்கோன் லைனர் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒன்று. முழுக் காலும் சில ஆண்டுக்கு ஒரு முறை தேய்ந்துவிடும். வேலைக்குப் போகிற ஆளுக்கு இன்னும் சீக்கிரம்.

கணக்குப் போடும் முறைக்கு மட்டும் ஓர் உதாரணம். ஒரு கால் 10,000 வெள்ளி, ஐந்தாண்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பிக்கு 29. எழுபதை நெருங்கும்வரை 40 ஆண்டு என்றால் எட்டுக் கால். 80,000 வெள்ளி. லைனர் தனி. பிற்காலப் பணத்தை இப்போதே மொத்தமாகத் தருவதால் நீதிமன்றம் அதில் கொஞ்சம் குறைக்கும். அப்படியும், ஒரே ஒரு காலுக்கு மட்டும் 10,000 கேட்டு வழக்குப் போட்டவருக்கும் இவருக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். இதைக் கேட்க இரண்டு காகிதம் வேண்டும். எலும்பு டாக்டரின் அறிக்கை, அதில் "ஆயுள் முழுக்கச் செயற்கைக் கால் தேவை, இத்தனை ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்" என்ற வாக்கியம் இருக்க வேண்டும். அடுத்தது, கால் செய்யும் நிலையத்தின் விலைப்பட்டியல். அந்த வாக்கியம் இல்லாத அறிக்கைகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். டாக்டர்கள் வெட்டிய இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் எழுதுவார்கள், இதை எழுத மறந்துவிடுவார்கள். கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள்.

இதனால்தான், காயம் ஆறி நிலைப்படும் முன்னால் எந்தச் சமரசத்துக்கும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று தொண்டை வறளச் சொல்கிறேன். "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற வரி அந்தத் தாளில் இருக்கும். அதற்குப் பிறகு இரண்டாவது கால் உங்கள் கணக்கு. அவசரம் இல்லை, மலேசியத் தீபகற்பத்தில் வழக்குப் போட விபத்து நாளிலிருந்து ஆறு ஆண்டு இருக்கிறது. இடித்தது அரசாங்க வண்டி என்றால் 36 மாதம்தான், அதற்கு மட்டும் அவசரம் உண்டு. வழக்குத் தொடுத்த ஏழு நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். போயிற்றா என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

வார்டுக்கு வந்த அந்த ஆள். ம். வெள்ளைச் சட்டை, கையில் கிளிப் போர்டு, "அண்ணே, நான் பார்த்துக்கறேன்". வருவதில் மூன்றில் ஒரு பங்கு, இல்லை அதற்கு மேல், அவருக்கு. நம் ஊரில் இது நடந்துகொண்டேதான் இருக்கிறது. கிடைக்கும் இழப்பீட்டில் பங்கு என்று வக்கீல் பேசுவதை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112ஆவது பிரிவு தடுக்கிறது. வக்கீலே பேசக் கூடாது என்றால் வார்டில் சுற்றும் தரகருக்கு எங்கிருந்து உரிமை? தம்பி எதில் கையெழுத்துப் போட்டார் என்று நகல் கேளுங்கள். வக்கீல் நியமனக் கடிதமாக இருந்தால், எழுத்து மூலம் ரத்து செய்துவிட்டு நீங்களே நேரில் பார்த்த வக்கீலிடம் போகலாம். பழையவர் வேலை ஏதும் செய்திருந்தால் அதற்கு மட்டும் கூலி. அசல் ரசீதுகளை அந்த ஆளிடம் கொடுத்திருந்தால், இன்றைக்கே போய் வாங்குங்கள்.

கேள்வி: அப்பாவின் ஆக்சிஜன் மெஷினைப் பின்சீட்டில் வைத்துத் தைப்பிங்கில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனோம். சிக்னலில் நின்றபோது பின்னால் வந்த கார் இடித்தது. மெஷின் கீழே விழுந்து ஓரம் உடைந்தது, ஆனால் ஓடுகிறது. எங்கள் கார் ஃபர்ஸ்ட் பார்ட்டி. வொர்க்‌ஷாப்காரர் மெஷினையும் சேர்த்து க்ளெய்ம் செய்து தருகிறேன் என்கிறார். செய்யலாமா?
– ஒரு மகள், பேராக்

பதில்: முதலில் அப்பா. மெஷின் உறுமுகிறது என்பதற்காக ஆக்சிஜன் வருகிறது என்று அர்த்தம் இல்லை. அதற்குள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் சியோலைட் என்ற மணி மணியான பொருள் இருக்கிறது. விழுந்த அதிர்ச்சியில் அது கலைந்துவிட்டால், மெஷின் ஓடும், காற்றும் வரும், ஆக்சிஜன் அளவு குறைந்திருக்கும். விற்ற கடையில் அளந்து பார்க்கும்வரை அதை அப்பாவுக்குப் போடாதீர்கள், ஒன்று வாடகைக்கு எடுங்கள்.

இனி வொர்க்‌ஷாப்காரர். உங்கள் ஃபர்ஸ்ட் பார்ட்டி, காருக்கும் காரோடு பொருத்தியிருப்பதற்கும்தான். சீட்டில் வைத்த சாமானுக்கு இல்லை. மெஷின் விலையைப் பின் பம்பர் செலவுக்குள் நுழைப்பார். அது பொய்க் கணக்கு, பிடித்தால் பாலிசிக்காரர் நீங்கள்தான், அவர் இல்லை. வேண்டாம்.

மெஷினுக்கு, இடித்த காரின் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தனியாக எழுதுங்கள். பின்னாலிருந்து நின்ற காரை இடித்தார் என்பதால் தப்பு யாருடையது என்ற பேச்சு அதிகம் இராது. போலீஸ் ரிப்போர்ட்டில் மெஷினைப் பற்றி எழுதினீர்களா? 24 மணி நேரத்துக்குள் கொடுத்த ரிப்போர்ட்டில் கார் மட்டும் இருந்தால், இன்னொரு ரிப்போர்ட் போட்டு மெஷினின் பேரும் சீரியல் எண்ணும் சேர்த்துவிடுங்கள். கடையின் சோதனை அறிக்கை, வாங்கிய ரசீது, உடைந்த ஓரத்தின் படம், வாடகை மெஷினின் பில்கள். பழைய மெஷினுக்குப் புது விலை தர மாட்டார்கள், வயதைக் கழிப்பார்கள். அது நியாயம்தான். ஆனால் வாடகையை விட்டுவிடாதீர்கள், நிறையப் பேர் கேட்பதே இல்லை. கம்பெனி இழுத்தடித்தால், 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) சேவையிடம் பொருள் சேதத்துக்காகக் கட்டணம் இல்லாமல் முறையிடலாம். உடல் காயத்துக்கு அந்த வாசல் இல்லை.

கேள்வி: அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து மோட்டாரில் வரும்போது, செம்பனை லாரி சிந்திய எண்ணெயோ என்னவோ, வழுக்கி விழுந்தோம். வேறு வண்டி எதுவும் இல்லை. அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து வாக்கர், கழிப்பறை நாற்காலி எல்லாம் வாங்கினோம். என் மோட்டார் இன்சூரன்ஸ் தருமா?
– ஒரு மகன், லாசா

பதில்: தராது தம்பி. சுற்றி வளைக்க விரும்பவில்லை. உங்களுடையது தேர்ட் பார்ட்டியாகத்தான் இருக்கும். நீங்கள் விழுந்ததற்கு அதில் ஒன்றும் இல்லை. பின்னால் இருந்தவருக்கு வேண்டுமானால் அதற்கென்று கூடுதலாகக் கட்டியிருக்க வேண்டும். பாலிசித் தாளை எடுத்து ஒரு தடவை பாருங்கள், ஆனால் நம்பிக்கை வைக்காதீர்கள்.

வேறு வாசல்கள் இருக்கின்றன. மருத்துவமனையில் சமூகநலப் பிரிவு என்று ஓர் அறை உண்டு, யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு அங்கேதான் விண்ணப்பம் போகும், சாமான்களுக்கும் கேட்கலாம். ஆனால் கேட்டுவிட்டு வாங்க வேண்டும், வாங்கிவிட்டுக் கேட்டால் நடக்காது. அம்மாவின் நடை திரும்பாது என்று டாக்டர் சொன்னால், மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யூ. அட்டைக்குப் பதிந்துவிட்டு சமூகநல இலாகாவில் துணைக் கருவி உதவி கேளுங்கள்.

இதைப் படிக்கும் மருமகள்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் இருக்கும் பெண்களுக்கும் இப்போது சொக்சோ உண்டு. 2022 டிசம்பரில் தொடங்கியது, ஆண்டுக்கு 120 வெள்ளி, 55 வயதுக்குள் சேர வேண்டும். வீட்டு வேலையில் நேரும் விபத்துக்கு மருத்துவமும் மறுவாழ்வும் அதில் வரும். ஒரு மாதத்துக்குப் பத்து வெள்ளி. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு சுற்று வந்தால் அதைவிடக் கூடப் போகிறது.

கேள்வி: தோட்டத்து டிராக்டர் கவிழ்ந்து முதுகெலும்பு அடிபட்டு அண்ணன் படுக்கையில் இருக்கிறார். ஓட்டியது கூட வேலை செய்யும் பையன். டிராக்டருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. வழக்குப் போட்டால் காற்றுமெத்தைக் கட்டிலுக்கு வாங்க முடியுமா?

பதில்: முடியாது. 1969ஆம் ஆண்டு சொக்சோ சட்டத்தின் 31ஆவது பிரிவு, வேலைக் காயத்துக்கு முதலாளி மீதோ அவருடைய இன்னொரு வேலையாள் மீதோ இழப்பீட்டு வழக்குப் போடுவதை அடைத்துவிட்டது. சொக்சோதான் வழி. சாமான்களோடு, எப்போதும் ஒருவர் துணை தேவை என்று மருத்துவக் குழு சொன்னால் மாதம் 500 வெள்ளி துணைப்படி உண்டு, அதை அண்ணி பேசாமல் விட்டுவிடக் கூடாது. அந்த டிராக்டரை வெளி லாரி ஏதாவது மோதிக் கவிழ்த்ததா? அப்படியென்றால் கதை வேறு, மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டது. நம்பர் தெரியாது. ஊன்றுகோல் செலவை யாரிடம் கேட்பது?

பதில்: எம்.ஐ.பி. என்று சுருக்கமாகச் சொல்லும் மோட்டார் காப்புறுதியாளர் வாரியத்திடம். உரிமையாக இல்லை, கருணைத் தொகையாக. உடல் காயத்துக்கு மட்டும், மோட்டார் சேதத்துக்குக் கிடையாது. போலீஸ் விசாரணை முடிந்து வண்டி கிடைக்கவில்லை என்று ஆன பிறகு விண்ணப்பம் போடலாம். நம்பர் தெரிந்து, ஆனால் அந்த வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லை என்றாலும் அங்கேதான், ஆனால் அதற்கு முன்னால் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்க வேண்டும்.

கேள்வி: எனக்கு இரண்டு காலும் இல்லை. மைவி காரில் கையால் இயக்கும் பிரேக்கும் எண்ணெய் (ஆக்ஸிலரேட்டர்) லீவரும் பொருத்தியிருக்கிறேன். விபத்தானால் அதற்கும் கிடைக்குமா?

பதில்: ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி இருக்கிறதா, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொன்னீர்களா, அதன் விலை காப்புறுதித் தொகையில் சேர்ந்திருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் கிடைக்கும். ஏஜெண்டிடம் வாயால் சொன்னேன் என்பது சொன்னதாகாது. அடுத்து ரோட் டேக்ஸ் புதுப்பிக்கும்போது சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: போன மாதம் உங்கள் அப்பாவின் ஊன்றுகோல் என்று எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அதற்குப் பணம் கிடைத்ததா இல்லையா?
– பல வாசகர்கள்

பதில்: கிடைக்கவில்லை. 1983ஆம் ஆண்டு. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுபவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுனிலிருந்து சைக்கிளில் திரும்பும்போது லாரி இடித்து இடது தொடை முறிந்தது. எலும்பு ஒட்டியது, கோணலாக. ஊன்றுகோல் கடையில் வாங்க ஈப்போ போக வேண்டும், காசும் இல்லை. தோட்டத்துப் பாலம் பழுது பார்த்ததில் செங்கால் மரக்கட்டை இரண்டு மிச்சம் இருந்தது. ஆசாரி அதில் ஒரு ஜோடி செய்து கொடுத்தார். கக்கத்துப் பக்கம் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினார். கனமோ கனம். அப்பாவுக்குக் கக்கத்தில் கடைசிவரை காய்ப்பு இருந்தது.

எனக்கு அப்போது பள்ளிக்கூட வயசு, வக்கீல் அலுவலகத்துக்கு மொழிபெயர்க்கக் கூடவே போனேன். லாரி இன்சூரன்ஸின் ஆள் செலவுப் பட்டியலைப் பார்த்தார். ஊன்றுகோல், 15 வெள்ளி. ரசீது? அப்பா சிரித்துவிட்டார். "நம்ம தோட்டத்துக் கட்டை, நம்ம ஆசாரி, ரசீது யார் தருவா?" என்றார். நான் அதை மலாயில் சொன்னேன். அவர் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். ஆசாரியிடம் ஒரு கடிதம் வாங்கி, கிராணியாரிடம் முத்திரை குத்தியிருந்தால் போதும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. எனக்கே அது தெரிய இன்னும் ஆறேழு ஆண்டு ஆனது, நான் அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்த பிறகு.

அந்த ஜோடியில் ஒன்று, நாங்கள் தோட்டத்தை விட்டு வெளியேறும்போது லயத்து வீட்டிலேயே தங்கிவிட்டது. இன்னொன்று என்னிடம் இருக்கிறது. துவைத்த போர்வையைப் போட்டால் என் வீட்டுக் கொடிக்கம்பி தாழ்ந்துவிடும், அதற்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன்.